வெள்ளிக்கிழமை வெட்டிய மீன்

கடலூர் முதுநகர்
25-10-2011, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

வினோதினி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நலம் என்று எழுதிப் புள்ளி வைப்பதற்குள் உங்கள் மகள் தமிழினி இரண்டு தடவை தும்மிவிட்டாள். ஆகவே இப்போதைக்கு அவளைத் தவிர மற்ற மூன்று பேரும் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். ஸ்பீக்கரைப் போட்டதும் அத்தை, உங்கப்பா, பக்கத்து வீட்டு லூர்துசாமி அண்ணன் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சுவது "சாப்ட்டீங்களா" மட்டும்தான். உங்கள் ஆபீஸ் ஜெயசீலன் லீவு முடிந்து ஒன்றாம் தேதி செயின்ட் லூயிஸ் திரும்புகிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து முறுக்கு டின்னை வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் இதை எழுதி டின்னில் வைத்துவிட வேண்டும். தமிழினி தூங்கிய பிறகுதான் பேனா கைக்கு வருகிறது. துண்டு துண்டாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டச் செய்தி. இன்று காலையும் கார்டினல்ஸ் தோற்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வீட்டில் அது எப்படித் தோற்றது என்பது தெரியாது.

ஆகஸ்ட் மாதம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? தமிழினிக்கு ஏழாம் மாதம் காது குத்த நாள் பார்த்தோம், வரவில்லை. ஒன்பதாம் மாதத்துக்காவது வாங்க என்று அத்தை கேட்டபோது, "எங்க மேனேஜருக்கு கார்டினல்ஸ்னா உசுரும்மா. இந்த வருசம் அவுங்க கோப்பைய ஜெயிச்சா கேட்ட லீவ குடுத்துடுவாரு. மறு பிளைட்டு ஏறிடுவேன்" என்றீர்கள். கார்டினல்ஸ் என்றால் என்ன என்று அத்தை கேட்கவில்லை. போனை வைத்த கையோடு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தில் கட்டிவிட்டார்கள். பேஸ்பால் என்ற ஆட்டமும் உங்கள் ஊர் டீமும் நம் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

நம் கேபிளில் படம் வரவில்லை. நீங்கள் விட்டுப்போன லேப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகினால் எழுத்து மட்டும் ஓடுகிறது. காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து நான் வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். உங்கப்பாவுக்கு முதலில் பிடிபடவில்லை. ஒருத்தன் அடித்துவிட்டு மூன்று முனையைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்தால்தான் ஒரு ரன் என்று விளக்கினேன். "மூணாவது முனை வரைக்கும் போயி நின்னுட்டா?" என்றார். ஒன்றும் கிடையாது, கணக்கிலேயே வராது என்றேன். நாற்பது வருடம் போட் ஓட்டியவர் அல்லவா. "அப்ப நம்ம தொழில்தான். கரைக்கு வந்தாத்தான் மீனு" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவரை எழுப்ப முடியவில்லை.

ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தவருக்குக் கோப்பை. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் பதினாறு ரன் எடுத்தார்கள் இல்லையா? அப்போது அத்தை தோட்டத்து வாசற்படியில் அரிவாள்மனையில் சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நான் தமிழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அத்தை ரேஷன் கடைக்குப் போய்விட்டார்கள், நமக்கு முட்டை. இன்று அத்தை மீன் வெட்டினார்கள், ஆனால் உங்கப்பா பட்டாசு வாங்கப் போய்விட்டார், மறுபடி தோல்வி. இப்போது நமக்கு இரண்டு, எதிராளி டெக்சாசுக்கு மூன்று. இன்னும் ஒன்று தோற்றால் அவ்வளவுதான்.

வரும் வியாழக்கிழமை காலை யாரும் இடம் மாறக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சவரம் செய்யத் தாடி வேண்டும் என்பதால் உங்கப்பா நாளை தீபாவளிக்கு முள் முகத்தோடுதான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப்போகிறார். நான் படித்தது புள்ளியியல். மீன் வெட்டுவதற்கும் பந்து பறப்பதற்கும் சம்பந்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இட்லி மாவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

27-10-2011, வியாழன்

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. உங்கள் மச்சான் அறிவழகன் சிதம்பரத்திலிருந்து வரிசை கொண்டுவந்தான். குழந்தைக்குக் கடுகு அளவு தோடு வாங்கி வைத்திருக்கிறான். தாய்மாமன் மடி தயாராக இருக்கிறதாம், அப்பன்தான் பாக்கியாம். எங்கம்மா நாள் பார்த்துவிட்டாள். பதினோராம் மாதத்தில் கார்த்திகை பதினொன்று, நவம்பர் 27, ஞாயிறு. தில்லைக் காளி கோயிலில். இதை விட்டால் மூன்றாவது வயதில்தான் குத்த வேண்டும் என்கிறார்கள்.

வெடிச் சத்தத்துக்குத் தமிழினி அழவில்லை. காது கேட்கிறதா என்று பயந்து பின்னால் நின்று கரண்டியால் தட்டிப் பார்த்தேன். திரும்பி என்னை முறைத்தாள். கேட்கிறது.

இன்று ஆட்டம் இல்லை. அங்கே மழை என்று நாளைக்குத் தள்ளிவிட்டார்களாம். உங்கப்பா பாதி முகம் சோப்போடு, "மழைக்கு பயந்தவனுங்கள நம்பியா இவன் வர்றேன்னான்?" என்று கேட்டார். அத்தைக்கு வேறு கவலை. நாளை வெள்ளிக்கிழமை. இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை அடுப்பில் கவிச்சி ஏறியதே கிடையாது, சுனாமி வந்த வருடம்கூட.

ஆட்டம் இல்லாத பொழுதில் பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்திருக்கக் கூடாது. நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்ன வாரத்தில் கார்டினல்ஸ் பத்தரை ஆட்டம் பின்தங்கிக் கிடந்திருக்கிறது. ஃபைனல் சுற்றுக்கு வருவதே நடக்காத காரியம் என்று அந்த ஊரே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் எங்களுக்குச் சொன்னது என்ன மாமா? உப்பனாற்றில் தண்ணீர் தித்தித்தால் வருகிறேன் என்று சொன்னீர்கள். அத்தை அதற்குக் காசு முடிந்து வைத்தார்கள்.

நேற்று ஜெயசீலன் சாப்பிட வந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அவனுக்கு லீவெல்லாம் பிரச்சினை இல்லைங்க. இங்க வந்தா திரும்பிப் போறதுக்கு சென்னையில விசா ஸ்டாம்பிங் போவணும். குடுக்காம போயிட்டா வேல போச்சே, அந்த பயம்தான்" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இரண்டையும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தை அந்தத் துணியை அவிழ்த்துவிடுவார்கள்.

28-10-2011, வெள்ளி

காலையில் நான் எழுந்திருக்கவே இல்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அத்தைதான் ஐந்து மணிக்கு வந்து காலைத் தட்டி, "ஏய், உன் புருசன் வர்ற ஆட்டம்டி, எழுந்திரு" என்றார்கள். எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு அத்தை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதே வாசற்படி, அதே அரிவாள்மனை. மீனுக்குப் பதில் வாழைக்காய். அதையும் மீன் துண்டு மாதிரியே சாய்வாக நறுக்கி மஞ்சள் தடவினார்கள். கார்டினல் என்றால் தங்கள் சபையில் பெரிய பதவி என்பதால் லூர்துசாமி அண்ணன் அவர் பங்குக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வாழைக்காய் எடுபடவில்லை. நம் ஆட்கள் கைக்கு வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஏழுக்கு ஐந்து என்று பின்னால் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். அடுத்து வந்தவனுக்கும் இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு பந்து, தவறவிட்டால் முடிந்தது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. ஆட்டத்துக்காக இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மீன்காரக் குப்பு கூடையோடு போனாள். அத்தை ஒரு நொடி சாமி படத்தைப் பார்த்தார்கள். பிறகு, "குப்பு, இங்க வாடி" என்றார்கள்.

"இன்னாக்கா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா? பேத்தி பொறந்ததும் கட்சி மாறிட்டியா?"

"என் புள்ள வர்றதுக்கு வெட்றேன். குடுத்துட்டு போடி."

வாழைக்காயை ஒதுக்கிவிட்டு அத்தை ஒரு சங்கராவை அரிவாள்மனையில் வைத்துச் செதிலைச் சீவினார்கள். திரையில் புது வரி வந்தது. அவன் அடித்த பந்து சுவர் வரைக்கும் போய், முனைகளில் நின்றிருந்த இரண்டு பேர் வீடு வந்து சேர்ந்து, ஏழுக்கு ஏழு. நான் படித்ததை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. உங்கப்பா சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்துவிட்டார். "உக்காருய்யா, எடம் மாறாத" என்று அத்தை அதட்டினார்கள்.

அடுத்த இன்னிங்ஸில் டெக்சாஸ் மறுபடி இரண்டு ரன் முன்னால் போனது. மறுபடி இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். அத்தை அடுத்த மீனை எடுத்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது. அத்தோடு பேட்டரி செத்தது.

தமிழினி ஓவென்று அழுதாள். அவள் ஏன் அழுதாள் தெரியுமா? அவளுக்கு அந்த லேப்டாப்தான் அப்பா. திறந்தாலே "ப்பா" என்று கையை நீட்டுவாள். பதினைந்து நாளாக அதில் ஓடும் ஸ்கோரைப் பார்த்தும் "ப்பா, ப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூடி வைத்தால் அப்பா போய்விட்டார்.

உங்களுக்குப் போன் போட்டு முடிவைக் கேட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கரண்ட் வந்தது பன்னிரண்டு மணிக்கு. அதுவரைக்கும் அத்தை பாதி வெட்டிய மீனை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தெருவில் உள்ள பூனையெல்லாம் தோட்டத்தில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது. உங்கப்பா பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஈ ஓட்டினார். லூர்துசாமி அண்ணன் டியூட்டிக்குப் போகாமல் இரண்டாவது மெழுகுவத்தி ஏற்றினார். பன்னிரண்டேகாலுக்குத் திரை வந்தது. பத்துக்கு ஒன்பது. நாம்தான். அடித்து ஜெயிக்க வைத்தவன் அந்த ஊரிலேயே வளர்ந்த பையனாம். அத்தை கையைக் கழுவிக்கொண்டு, "சொந்த ஊருக்கு வந்தாத்தான் எவனுக்கும் கை வெளங்கும்" என்றார்கள்.

வெட்டிய மீனை யாரும் சாப்பிடவில்லை. பூனைகளுக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமையைக் கெடுத்ததற்குப் பரிகாரமாக அத்தை சாமி முன்னால் நின்று, "எம் புள்ள இந்த வாசப்படி மிதிக்கிற வரைக்கும் இந்த வீட்ல மீன் கெடையாது" என்று சொல்லிவிட்டார்கள். உங்கப்பாவை யாரும் கேட்கவில்லை.

29-10-2011, சனி

ஜெயித்துவிட்டோம் மாமா. ஆறுக்கு இரண்டு. இன்று எந்தத் தொந்தரவும் இல்லை, கரண்டும் இருந்தது. அத்தை தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "கார்டினல்ஸ் ஜெயிச்சுட்டாங்க, எம்மவன் வர்றான்" என்று பதில். பத்திரிகை அடிக்க அறிவழகன் ஆள் பார்த்துவிட்டான்.

பிறகு நீங்கள் போன் செய்தீர்கள். ஸ்பீக்கரில் எல்லோரும் இருந்தோம். அத்தை வாழ்த்துச் சொன்னார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "பாக்கலாம்மா, கேக்கறேன்" என்றீர்கள். அத்தைக்கு அது வருகிறேன் என்று கேட்டது. எனக்குக் கேட்டது வேறு.

அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்படுவதில் தப்பில்லை. என்னைவிடப் பயந்தவள் யார் இருக்கிறாள்? குழந்தை தும்மினால் டாக்டர் நம்பரைத் தேடுகிறவள் நான். ஆனால் பயம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். ஒரு பேஸ்பால் டீமின் தலையில் ஏன் கட்டினீர்கள்? பாவம், அவர்கள் பத்தரை ஆட்டம் பின்னாலிருந்து ஏறி வந்துவிட்டார்கள். இப்போது சாக்கு உங்களிடம்தான் இல்லை.

ஸ்டாம்பிங் கொடுத்தால் போங்கள். கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே தெரியவில்லை. ஆனால் அதை நீங்கள் இங்கே உட்கார்ந்து யோசிக்கும்போது தமிழினி உங்கள் மடியில் இருப்பாள். லேப்டாப்புக்கு முத்தம் கொடுத்துத் திரை முழுக்க எச்சில். துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துவிட்டது.

பத்தரை விஷயம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நவம்பர் 27 வரை அது என்னோடு இருக்கும். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமா என்பது உங்கள் கையில்.

முறுக்கு இரண்டு டின். மேல் டின் ஆபீசுக்கு. மேனேஜருக்கு அதில் தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறேன், "வாழ்த்துகள், மீனவர் குடும்பம், கடலூர்" என்று இங்கிலீஷில் எழுதி. கொடுத்துவிட்டு அப்படியே லீவு கேளுங்கள்.

உங்கப்பா ஒரு செய்தி சொல்லச் சொன்னார். இன்று மத்தியானம் வாழைக்காய்க் குழம்பு. அதற்கு முன்னால் நேற்று ராத்திரியும் வாழைக்காய். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மாடி, உங்க அத்த வார்த்த தவற மாட்டா. நாப்பது வருசம் கடல்ல இருந்தவன வாழக்காயில கொன்னுடாதன்னு அவனுக்கு எழுது."

எழுதிவிட்டேன். காளியம்மன் உங்களுக்குத் துணையாகவும், விமானத்தில் ஜன்னல் சீட்டாகவும் அருள்வாளாக.

பதிலை எதிர்பார்க்காமல் ஆளை எதிர்பார்க்கும்,
வினோதினி