பூசணிக்காய் உடைத்த பிறகு ஒரு ஷாட்

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் புல்லெல்லாம் உறைபனி. விரல் மடங்கவில்லை. கோடைக்கானல் ஷூட்டிங்கின் கடைசி வாரம். டைரக்டர் ஹெலன் மேடம் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. ஆஸ்திரேலியாக்காரிக்குக் குளிரே கிடையாதா?

சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: காட்சி 72, பஸ் ஸ்டாப்பில் அம்மா மகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது, அதை நீ எடு.

நானா! ஒன்பது வருட அசிஸ்டென்ட். இதுவரை ஒரு ஷாட்டுக்குக்கூட ஆக்‌ஷன் சொன்னதில்லை.

அவர் கதையும் இதேதானாம். இருபது வயதில் அங்கே ஒரு டிவி தொடரில் கிளாப் அடிக்கிற வேலை. அப்புறம் ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் மாறாமல் பார்த்துக்கொள்கிற கன்டின்யுட்டி வேலை, பல வருடம். பொம்பளைக்கு எதுக்கு டைரக்‌ஷன் என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் டைரக்டருக்குக் காய்ச்சல். ஒரே ஒரு காட்சி இவர் கைக்கு வந்தது. அதற்கப்புறம் முப்பது வருடம், தொடர் மேல் தொடர்.

அம்மாவுக்குப் போன். "ஏ புள்ள, ஒம் பேரு வருமா அதுல?" தெரியலம்மா.

பிப்ரவரி 19, புதன்

மேகம். எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. 72 தள்ளிவைப்பு.
வாங்க: கையுறை, இஞ்சி மிட்டாய், மேடத்துக்கு யூகலிப்டஸ் தைலம்.

பிப்ரவரி 20, வியாழன்

மறுபடி மேகம். சனியனே, போயேன்!

நாளை கடைசி நாள். சாயங்காலம் மேடம் ஊருக்குக் கிளம்புகிறார். நாளை எடுக்காவிட்டால் 72 கிடையாது. மேனேஜர் முருகேசன் அண்ணன் வத்தலக்குண்டு சந்தையிலிருந்து பூசணிக்காய் கொண்டுவந்துவிட்டார், கடைசி ஷாட் முடிந்ததும் திருஷ்டி சுற்றி உடைக்க. மேடம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 21, வெள்ளி

வெயில்! பளிச்சென்று!!

பதினொரு மணிக்கு மேடத்தின் ஷாட்டுகள் எல்லாம் முடிந்தன. பாக்கி 72 மட்டும். பஸ் ஸ்டாப்பில் நான் கேமராவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டொப். திரும்பினால் பூசணி சிதறிக் கிடக்கிறது. மேடம் கைதட்டுகிறார். லைட்காரர்கள் வயரைச் சுருட்டுகிறார்கள்.

என் முதல் ஷாட்டுக்கு நல்ல சகுனம் என்று, முறை தெரியாமல் மேடமே உடைக்கச் சொல்லியிருக்கிறார். முருகேசன் அண்ணன், 72-ஐ விட்டுவிட்டார்கள்போல என்று உடைத்துவிட்டார்.

லைட்மேன் பாண்டி அண்ணன் கும்பிட்டே விட்டார். "பூசணி ஒடைச்சப்பறம் கேமரா ஓடக்கூடாது தாயி. யாருக்காச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

கோபப்படவும் முடியவில்லை. விஷயம் புரிந்ததும் மேடம் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். கீழே பள்ளத்தாக்கில் மேகம் ஏறுகிறது.

எப்படித்தான் வாயில் வந்ததோ: "அண்ணே, அந்தப் படம் முடிஞ்சுபோச்சு. சரி. இது புதுப் படம். பூஜை போடுங்க."

பாண்டி அண்ணன் என்னையே பார்த்தார். அப்புறம் முருகேசன் அண்ணன் பக்கம் திரும்பி ஒரு சத்தம்: "என்னய்யா நிக்கிற? வெரசா தேங்காய எடு, மேகம் வருதுல்ல!"

டீக்கடையில் தேங்காய், கற்பூரம் கிடைத்தன. கிளாப் பலகையிலிருந்த தன் பெயரை மேடம் கைக்குட்டையால் துடைத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். எழுதினேன்: இயக்கம், தேன்மொழி. காட்சி 1, டேக் 1. 72 எங்கே என்று எடிட்டர் திட்டப்போகிறார், திட்டட்டும்.

கிளாப்பை மேடமே வாங்கிக்கொண்டார். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து!

ஆக்‌ஷன் கீச்சென்றுதான் வந்தது. வந்துவிட்டது. ஒரே டேக், ஓகே. சாவி மகள் கைக்குப் போனதும் மேகம் பஸ் ஸ்டாப்பை மூடியது.

பலகையின் போட்டோ அம்மாவுக்கு. உடனே போன். "பேரு வந்துருச்சு! எழுத்து ஏன் புள்ள இப்படிக் கோணிக்கிட்டுக் கெடக்கு?"

குளிரும்மா என்றேன்.