அபியின் அம்மாவுக்கு இன்னொரு பேர்

மூலக்குளம்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சரிதா எழுதறேன். மாமா சுகமா? உன் முட்டிவலி எப்படி இருக்கு? நாலு தடவை போன் பண்ணேன், நீ எடுக்கலை. அதான் இந்தக் கடிதாசி.

அடுத்தவங்க சொல்லி உனக்குத் தெரிஞ்சது என் தப்புதான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நான் திருமுழுக்கு, அதான் ஞானஸ்நானம், வாங்கப் போறேன். யாரும் என்னை இழுக்கலைக்கா. அபியைப் பறிகொடுத்தப்புறம், மக இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்கலை. சேதராப்பட்டுல வேலை முடிஞ்சதும் டவுனுக்கு வந்து, ஸ்டேஷன் பக்கத்து மாதா கோயில்ல உட்காருவேன். ஜாக்குலின்னு ஒரு வயசான மதாம் தினமும் பக்கத்துல வந்து உட்காருவாங்க. நாலு மாசம் ஒண்ணும் கேட்கலை. அப்புறம் ஒரு நாள், "யாரை நினைச்சும்மா அழறீங்க?"ன்னாங்க. அபி பேரை வாய்விட்டுச் சொன்னேன்.

ஒண்ணரை வருஷமா அந்தக் கோயில்ல ஞாயித்துக்கிழமை வேத வகுப்புக்குப் போறேன். அவசரமில்லை, வீட்ல பேசிட்டு வாங்கன்னுதான் பாதர் சொல்றார். எங்க வீட்டுக்காரர், உனக்குத் தூக்கம் வந்தா சரின்னுட்டார். நீயும் ஒரு வார்த்தை சொல்லணும்.

உன் தங்கச்சி
சரிதா

நல்லவாடு
3.2.2025

சரிதாவுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கு. மாமா கடலுக்குப் போறார், வர்றார்.

அம்மா செத்தப்ப உனக்கு மூணு வயசு. என் இடுப்புலதான் வளர்ந்தே. அந்த உரிமையில எழுதறேன். அபி மூளைக் காய்ச்சல்ல கிடந்தப்ப எல்லையம்மனுக்கு வேண்டிக்கிட்டு நான் தீ மிதிச்சேன். அப்படியும் ஒன்பது வயசுப் பிள்ளை போயிட்டா. நான் சாமியை மாத்திக்கலை.

வருஷா வருஷம் அவளுக்குப் படையல் போடறோம். நீதான் சோறு பொங்குறே. இனிமே அவ வந்து அம்மா எங்கேன்னு தேடினா நான் என்ன சொல்றது? ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாத பிள்ளை எங்க போயிருக்குன்னு உங்க பாதரையே கேளு.

செல்வாம்பாள்

மூலக்குளம்
6.4.2025

அன்புள்ள அக்கா,

நீ கேட்டதை பாதர்கிட்ட கேட்டேன். "கடவுளோட இரக்கத்துல அவளை ஒப்படைக்கிறோம்மா. அங்கதான் இருக்கான்னு நம்பறேன். பார்த்துட்டு வந்தவன் மாதிரி என்னால சொல்ல முடியாது"ன்னார். ஆஸ்பத்திரியில எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னவர் இவர்தான்.

மாதா கோயில்ல அபி பேர்ல பூசை வச்சேன். படையலுக்கும் வருவேன்க்கா. சோறு பொங்கித் தரேன், உன் பக்கத்துல உட்கார்ந்து அழறேன். கற்பூரம் மட்டும் நீ காட்டு.

19ஆம் தேதி சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணிக்கு. ஜாக்குலின் மதாம் எனக்கு ஞானத்தாயா நிக்கிறாங்க. அந்த எடம் உன்னோடதுதான். உன்னால முடியாதுன்னு தெரியும். கடைசி பெஞ்சுல உட்கார்ந்தாக்கூடப் போதும். தவளக்குப்பம் ஜங்ஷனுக்கு எங்க வீட்டுக்காரரை வண்டியோட அனுப்பட்டுமா?

சரிதா

நல்லவாடு
23.4.2025

சரிதா,

நான் வந்திருந்தேன். பின்னாடி தூண் ஓரமா நின்னேன். யாரோ ஒரு அம்மா என் கையிலயும் மெழுகுவத்தி குடுத்து, அவங்களதுலேர்ந்து பத்த வச்சாங்க.

மோனிக்கான்னு கூப்பிட்டாங்க. நீ போய்த் தலையைக் குனிஞ்சே. உன்னைத்தான் கூப்பிட்டாங்கன்னு புரிய எனக்குக் கொஞ்ச நேரமாச்சு. தண்ணி சொட்டச் சொட்ட நீ நிமிர்ந்தப்ப முகத்தைப் பார்த்தேன். அபி பொறந்த அன்னிக்கு அந்த முகத்தைப் பார்த்தது. நான் சந்தோஷப்பட்டிருக்கணும். முடியலை. கிளம்பி வந்துட்டேன்.

உங்கிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். அபி போனதுலேர்ந்து நான் அம்மன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. விளக்கு ஏத்தறேன், வாய் வர மாட்டேங்குது. நீயும் இப்படித்தான் கிடக்கறேன்னு நினைச்சிருந்தேன். அதுவே எனக்குத் துணையா இருந்துச்சு. இப்ப நீ எழுந்து போயிட்டே. உன் மேல தப்பில்லை.

படையலுக்கு வராதே. உன் சாமியால இல்லை. மனசு ஆறின முகத்தோட நீ வந்து நின்னா என்னால தாங்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுதாதே. எழுதினா, படிக்காம இருக்க என்னால முடியாது.

உன் அக்கா