டேஷ்போர்டுக்குப் பின்னால் நம் சொந்தக்காரர்கள்

கருகிய வயர் வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கையோடுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நம் அம்பாசடரின் டேஷ்போர்டைக் கழற்றினோம்.

நீ கண்ணை மூடிய பிறகு வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்ததும் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. ஹாரன் முதல் பின்விளக்கு வரை எல்லாம் வேலை செய்தால்தான் ஆய்வில் தேறும். நம் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ பாஸாகலேன்னா பழைய இரும்புக்குப் போட்ருவோம்ப்பா. திராட்சைத் தோட்டத்தப் பாக்கவே ஒங்களால முடியல. இதையும் கட்டி அழுவீகளா?" நானும் வீம்புக்குச் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உத்தமபாளையத்திலிருந்து எலக்ட்ரீசியன் பாய் வந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே, "மேல இருக்க மாதாவ நீங்களே எடுத்து வச்சிருங்கண்ணே" என்றார். நீ ஒட்டிய மாதா சிலை லேசில் வருமா? ஈரத்துணி வைத்து ஊறப்போட்டு எடுத்தேன். பிறகு பேட்டரி வயரைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை ஒரு டம்ளரில் போட்டார். கையை உள்ளே விட்டு ஸ்பீடாமீட்டர் கேபிளைத் திருகி விடுவித்ததும் டேஷ்போர்டு எங்கள் பக்கம் சாய்ந்தது. எட்டிப் பார்த்த பாய்க்கு முகம் மாறிவிட்டது.

"என்னண்ணே, அம்புட்டும் ஒரே கருப்பா இருக்கு? எவன் பாத்த வேல இது?"

"நான்தான்" என்றேன். இதில் என்ன வெட்கம்? அந்த வருஷம் எலி மொத்த வயரையும் கடித்துப் போட்டபோது, தோட்டத்து மோட்டாருக்கு வாங்கிய கருப்பு வயர் ஒரு சுருள் மிச்சம் இருந்தது. வீட்டில் இருப்பதை விட்டுவிட்டுக் கடைக்கு எந்த விவசாயி ஓடுவான்?

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், ஆய்வுக்குள் முடியாது என்றார். மகள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் பாய் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய், "இதென்ன, ஒவ்வொரு வயருலயும் நூலு கட்டியிருக்கு?" என்றார்.

உன் தையல் நூல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொன்றிலும் உன் மூன்று சுற்று முடிச்சு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

அன்று நான் எல்லா வயரையும் மாட்டி முடித்து ஜம்பமாக நின்றபோது நீ கேட்டாய்: "எல்லாத்தையும் ஒரே நிறத்துல மாட்டிவிட்டா நாளைக்கு எது எதுன்னு யாரு கண்டா?" கேட்டுவிட்டு நூல் டப்பாவோடு வண்டிக்குள் ஏறிவிட்டாய். நான் வயரைத் தொட்டுக் காட்டினேன், நீ கட்டினாய். ஹாரனுக்குக் கத்தரிப்பூ நிறம். "இது ஒங்கக்கா ரவிக்கை தச்ச நூலு. அவுக சத்தம் சுருளிப்பட்டியில கெளம்புனா கம்பத்துல கேக்கும்." வைப்பருக்கு வான நீலம், உன் அம்மா. "எதுக்கெடுத்தாலும் கண்ணத் தொடச்சுக்கிட்டே இருக்கும்ல, அதான்." ஹெட்லைட்டுக்கு, நம் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்குக் கவுன் தைத்த வெள்ளை. இரண்டு இண்டிகேட்டருக்கும் என் தம்பிகள் பெண்டாட்டிமார், ரோஸும் அரக்கும். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பி நான் பாத்ததில்ல." ஊரில் எல்லாருக்கும் ரவிக்கை தைத்தவள் நீ. யாருக்கு எந்த நிறம் என்பது உனக்கு மனப்பாடம். அதற்குள் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. மீதியை நீ பார்த்துக்கொள்வாய் என்று மோட்டார் போட ஓடினேன்.

பாய் ஒவ்வொரு நிறமாகக் கேட்டார், நான் சொந்தக்காரர்களைச் சொன்னேன்.

"கத்தரிப்பூ?"

"எங்கக்கா. ஹாரன்."

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். கருகிய துண்டுகளை வெட்டி, புது வயர் ஒட்டி, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தார். "அண்ணி போட்ட முடிச்சு ஒண்ணுகூட அவுரலண்ணே" என்று அவர் சொன்னபோது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த முடிச்சை நானே போட்டதுபோல மீசையைத் தடவிக்கொண்டேன்.

கடைசியில் மூன்று வயர் மிஞ்சியது. உள் விளக்கு, பெட்ரோல் அளவு காட்டும் முள், பிரேக் லைட். இரண்டில் நூல் கருகிப்போயிருந்தது. மூன்றாவதில் கிளிப்பச்சை.

"இது யாருண்ணே?"

தெரியவில்லை. நான் மோட்டாருக்கு ஓடிய பிறகு நீ கட்டியது. மாட்டிப் பார்க்கலாமே என்றேன். பாய் தலையை ஆட்டினார். "ஒரு வயரு நேரா பெட்ரோல் டேங்குக்குப் போகுது. அதுல தப்பாக் கரண்ட்டக் குடுத்தா வண்டியும் இல்ல, நம்மளும் இல்ல. நிச்சயமாத் தெரிஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா எனக்கு ரெண்டு நாள் வேணும்."

எங்களுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. மகள் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மாவோட கல்யாண ரவிக்கைப்பா" என்றாள். அது நீதான். இந்த வண்டியில் நீ எதுவாக இருக்க ஆசைப்பட்டிருப்பாய்? "உள் லைட்டு" என்று உருகிப்போய்ச் சொன்னேன்.

மகள் விடவில்லை. "அம்மாவா? சத்தமில்லாம மேல ஒக்காந்து எரியிற ஆளாப்பா அது?"

நான் உன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டேஷ்போர்டு இல்லாததால் கால்மாட்டில் நல்ல வெளிச்சம் விழுந்தது. உன் பக்கத்து ரப்பர் மேட்டில், வலது கால் படும் இடம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகி, தகரம் தெரிந்தது. திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போதெல்லாம் வளைவுக்கு வளைவு நீ மிதிப்பாயே, உன் பக்கம் இல்லாத பிரேக்கை! "ஏங்க, மெதுவாப் போங்க. திராட்சைக்கு முந்தி நம்ம நசுங்கிருவோம்." உன் கோபத்தில் என் கோபம் எத்தனையோ முறை அடங்கியிருக்கிறது. தண்ணீர் முறைத் தகராறில் தம்பியை அடிக்கக் கை ஓங்கியபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தது யார்?

"பாய், கிளிப்பச்சை பிரேக் லைட்டு."

"நிச்சயமாண்ணே?"

"என்னய நிப்பாட்ட இந்த ஊர்ல வேற யாரு இருந்தா?"

அதை மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்தார். என் சீட்டுக்கு மாறி பிரேக் பெடலை மிதித்தேன். பின்னால் நின்ற மகள், "எரியுதுப்பா! எரியுது!" என்று கத்தினாள். அதன்பின் மிஞ்சிய இரண்டைப் பிரித்தறிய பாய்க்கு அதிக நேரம் ஆகவில்லை.

இன்று ஆய்வில் தேறிவிட்டது. அதிகாரி கேட்டதற்கெல்லாம் உன் அம்மாவும் என் அக்காவும் தம்பி பெண்டாட்டிமாரும் வரிசையாக வேலை செய்தார்கள். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்தினேன் என்று அங்கிருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சிலர் நழுவிப் போனார்கள். அது அவர்கள் நஷ்டம்.

திரும்பும்போது மகள் ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். பாதி வழியில் முந்தி வந்து மறித்தாள். "ரோடு காலியாக் கெடக்கு, ஏம்ப்பா சும்மா சும்மா பிரேக் அடிக்கிறீக?"

"எரியுதா?"

"நல்லா எரியுது. ரொம்ப தூரத்துல இருந்தே தெரியுது."

ஓட்டுகிறவனுக்குத் தன் பிரேக் லைட் தெரியாது. இத்தனை காலமும் என் பின்னால் வந்தவர்களெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். மகளை முன்னே போகச் சொன்னேன். அவள் மறைந்ததும், வெறும் ரோட்டில் இன்னொரு முறை மிதித்தேன்.