நான்கு போல்ட்டும் தரையைத் தொடாத ஆறு சக்கரங்களும்

அனுப்புநர்
கொட்டகை போடும் வெல்டர்,
(தெருமுனையில் ‘ஷெட்டுக்காரர் வீடு’ என்று கேட்டால் காட்டுவார்கள்)
சீல் வைக்கப்பட்ட குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்வீடு.

பெறுநர்
உயர்திரு கட்டட அனுமதி அலுவலர் அவர்கள்,
தற்காலிகக் கட்டடங்கள் பிரிவு,
இரண்டாம் மாடி.

பொருள்: என் மகள் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தின் சீலை அகற்றக் கோருதல், மேலும், அதே தெருவில் ஒன்பது ஆண்டுகளாகத் ‘தற்காலிகமாக’ நிற்கும் கட்டில் கடையை அதே அளவுகோலால் அளக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இம்மாதம் 4ஆம் தேதியிட்ட தங்கள் அலுவலகச் சீல் வைப்பு ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. முதலில் என்னைப் பற்றிய ஒரு வெட்கக்கேட்டைத் தெளிவுபடுத்திவிட விரும்புகிறேன். 4ஆம் தேதி காலை பத்தரை மணிக்குத் தங்கள் பணியாளர்கள் காப்பகத்தின் கதவைப் பூட்டிச் சீல் வைத்தபோது நான் உள்ளே கழிவறையில் இருந்தேன். வேறு காரணம் இல்லை, ஃப்ளஷ் டேங்கில் மிதவை மாற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே நடந்தது எதுவும் காதில் விழவில்லை. பிறகு ஜன்னல் வழியாக வெளியே வர முயன்றேன். குழந்தைகள் ஏறி விழுந்துவிடக்கூடாது என்று அந்த ஜன்னலை ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் வைக்காதவன் நானே. இடுப்போடு சிக்கிக்கொண்டேன். தங்கள் பணியாளர் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, முற்றத்தில் நின்ற பதினெட்டுக் குழந்தைகளும் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிக் கைதட்டின. ஆகவே சீல் உடைக்கப்படவில்லை என்பதை உறுதி கூறுகிறேன். கோப்பில் ‘உள்ளிருந்து ஒரு நபர் மீட்கப்பட்டார்’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். முடியுமானால் ‘வெளியே வந்தார்’ என்று மாற்றித் தரவும். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

2. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பத்தாம் வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்ததால் அந்தப் பாடங்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. இருபத்தாறு ஆண்டுகளாகத் தகரக் கொட்டகை, பேனல் அறை, கடைகளுக்கான ஷெட் ஆகியவற்றைப் போட்டு வருகிறேன். எங்கள் தொழிலின் முதல் பாடம் தாங்கள் அறிந்ததே. தரையோடு பிணைக்காமல் கட்டைமேல் நிறுத்தினால் அது தற்காலிகம். தரையில் போல்ட் இறக்கினால் நிரந்தரம். அதற்கு வேறு அனுமதி, வேறு மாடி. இதை என்னிடம் வேலை பழகியவர்களுக்கெல்லாம் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவன் நான்.

3. காப்பகம் நடக்கும் பேனல் அறை இருபதுக்குப் பத்தடி. எட்டு சிமெண்ட் கட்டைகள்மேல் நானே நிறுத்தினேன். காலை ஏழு மணிக்கு ஆலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை என் மகளிடம் விட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு வந்து அழைத்துப்போவார்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை.

4. சென்ற மாதம் ஒரு பிற்பகல் மழையோடு காற்று அடித்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் தொலைபேசியில், “அப்பா, ரூம் நகருதுப்பா” என்றாள். நான் தொழில் தெரிந்தவன் அல்லவா, “அதெல்லாம் நகராதும்மா, உனக்குத் தலை சுத்துது, ஏதாவது சாப்பிடு” என்றேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அறை தென்மேற்கு மூலைக் கட்டையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நின்றது. இன்னும் இரண்டு விரற்கடை போயிருந்தால் மூலை இறங்கியிருக்கும். ஒரு குழந்தைகூட விழிக்கவில்லை. என் மகள் மட்டும் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், தான் பிடித்தால் நிற்கும் என்பதுபோல. மறுநாள் விடுமுறை. இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக என் பாடத்தை நானே மீறி, நான்கு மூலையிலும் நான்கு போல்ட் இறக்கினேன். விதிப்படி இது தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

5. அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர், கட்டில் மெத்தைக் கடை வைத்திருப்பவர், மறுநாள் தேநீர்க்கடையில் நின்றார். “இனிமே யானை வந்து முட்டினாலும் அசையாது சார்!” என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன். “அப்படியா? எங்க, காட்டுங்க பாப்போம்” என்றார். கையோடு கூட்டிவந்து, பாயைச் சுருட்டி, மண்டியிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டையும் காட்டினேன். “பிரமாதம், பிரமாதம்” என்றார். நான் பூரித்துப்போனேன்.

6. அதற்கு அடுத்த வாரம் அவர் கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. வைக்க இடம் இல்லை. எட்டுக் கட்டில்களை நான்கு நாட்களுக்குக் காப்பகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று என் மகளிடம் கேட்டார். அவள், “பிள்ளைங்க தூங்குற இடம் சார். கட்டில் வச்சா அவங்கள எங்க படுக்க வைக்கிறது?” என்றாள். “கட்டில்லயே படுக்க வையேம்மா. பிளாஸ்டிக் கவரை மட்டும் கிழிக்காம பாத்துக்கோ” என்றார். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். “சரிம்மா, உன் இடம், உன் இஷ்டம்” என்று சிரித்துக்கொண்டே போனார். நான்காம் நாள் தங்களுக்கு ‘பொதுமக்கள்’ என்ற பெயரில் புகார் வந்தது.

7. பொதுமக்கள் யார் என்று தாங்கள் சொல்லத் தேவையில்லை. புகாரின் நகலைத் தங்கள் அலுவலகத்தில் படித்துப் பார்த்தேன். ‘நான்கு போல்ட்டுகளால் தரையோடு பிணைக்கப்பட்டுள்ளது, இவற்றுள் தென்மேற்கு மூலையில் உள்ளது சற்றே சாய்வாக இறங்கியுள்ளது’ என்று அதில் இருக்கிறது. பாயைச் சுருட்டிப் பார்த்தவரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரிய வழியில்லை. சாய்வு என்பது உண்மைதான், டிரில் வழுக்கிவிட்டது. ஐயா, காட்டிக்கொடுத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். என் வேலையில் குறை கண்டுபிடித்து அதையும் எழுதிக்கொடுத்தாரே, அதை எப்படிப் பொறுப்பது?

8. இப்போது காப்பகம் என் வீட்டின் கூடத்தில் நடக்கிறது. கூடம் பன்னிரண்டுக்கு ஒன்பது. பிள்ளைகள் தூங்கும்போது வெல்டிங் மெஷினைப் போட முடியாததால் பட்டறை அரை நாள்தான் ஓடுகிறது. பதினெட்டில் ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஆலையில் தையல் வேலை பார்த்த ஒரு தாய், பிள்ளையை விட இடமில்லை என்று வேலையையே விட்டுவிட்டார். மீதமுள்ளவர்களும் மாதக் கடைசி வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் ஆணையும் 30ஆம் தேதிக்குள் அறையை அகற்றாவிட்டால் அலுவலகமே பிரித்து எடுத்துச்செல்லும் என்கிறது. அதன்பின் என் மகள் நடத்துவதற்குக் காப்பகம் என்று ஒன்று இருக்காது.

9. சென்ற திங்கட்கிழமை விசாரணையில் தாங்கள் பெருந்தன்மையோடு, “போல்ட்டைக் கழட்டிடுங்க, அன்னைக்கே சீலை எடுத்துடறேன்” என்றீர்கள். நன்றி. ஆனால் என் மகள் அங்கேயே, “கழட்டினா நான் பிள்ளைங்கள உள்ள விடமாட்டேன் சார்” என்று சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். அவள் சொன்னதில் மாற்றம் இல்லை. காற்றுக்கு அசையும் அறை சட்டப்படி சரி, அசையாத அறை குற்றம் என்றால், இந்த விதியை எழுதியவருக்குப் பிள்ளைகள் இல்லையோ என்று தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

10. விசாரணை முடிந்து படியிறங்கும்போது செயலாளர் என் தோளில் தட்டி, “ஷெட்டுக்காரரே, ஊருக்கெல்லாம் தற்காலிகம் சொல்லிக்குடுக்கிற ஆளு நீங்க. நீங்களே கோட்டை விடலாமா? என் கடையைப் பாத்துக் கத்துக்குங்க” என்றார். பார்த்தேன் ஐயா. நன்றாகவே பார்த்தேன். அந்தக் கடையைப் போட்டவனே நான்தான்.

11. அதைப் பற்றிய விவரங்களைக் கீழே தருகிறேன். இதில் ஒரு வரிகூடப் பிறர் சொல்லிக் கேட்டதல்ல.

மேற்படி கட்டில் கடைக்கு ஆறு மாதத் தற்காலிக அனுமதி வாங்கப்பட்டது. பதினெட்டு முறை புதுப்பிக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. தரை முழுவதும் டைல்ஸ். மேலே பொய்க்கூரை, இரண்டு ஏசி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே இரும்பு ஷட்டர். பின்பக்கம் கழிவறை, அதன் குழாய் தரைக்குள் இறங்கித் தெருச் சாக்கடையில் சேர்கிறது. இதெல்லாம் எப்படித் தற்காலிகம் என்று தாங்கள் கேட்கலாம். ஆறு சக்கரங்கள் இருப்பதால். சக்கரம் உள்ளது நகரக்கூடியது, நகரக்கூடியது கட்டடம் ஆகாது என்பது அவர் கண்டுபிடித்த வழி. அந்தச் சக்கரங்களை மாட்டியவன் அடியேன். அவை தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் தொங்குகின்றன. ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தரையைத் தொட்டதில்லை. கடையின் பாரம் முழுவதையும் பக்கவாட்டில் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பத்து இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. தூண்கள் மூன்றடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் நிற்கின்றன. அவற்றையும் நான்தான் நட்டேன், ஒன்றுகூடச் சாயவில்லை.

ஒவ்வொரு ஆய்வுக்கும் முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டுச் சக்கரங்களுக்கு எண்ணெய் போடச் சொல்வார். போடுவேன். மறுநாள் ஆய்வாளர் குனிந்து ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பார். காற்றில் தொங்கும் சக்கரம் சுழலாமல் என்ன செய்யும்? ‘சக்கரங்கள் நல்ல நிலையில் உள்ளன’ என்று எழுதிவிட்டுப் போவார். பதினெட்டு அறிக்கையிலும் இந்த வாக்கியம் இருக்கும், எடுத்துப் பார்க்கவும்.

12. இம்மனு பழிவாங்கும் எண்ணத்தில் எழுதப்பட்டது என்று செயலாளர் தங்களிடம் சொல்வார். சரியாகத்தான் சொல்கிறார். பழிவாங்கத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்குப் பழிவாங்கும் எண்ணம் இருப்பதால் அவருடைய சக்கரம் தரையைத் தொட்டுவிடாது. மேலும், இந்த ஏற்பாட்டில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் எனக்குரிய தண்டனையைக் குறைக்க வேண்டாம். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்துத் தண்டித்தாலும் சம்மதம், அவர் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

13. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து:

(அ) காற்று மழையில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி, காப்பகத்தின் நான்கு போல்ட்டுகளை அப்படியே இருக்க அனுமதித்து, 30ஆம் தேதிக்கு முன் சீலை அகற்றித் தர வேண்டுகிறேன். சாய்ந்த போல்ட்டை மட்டும் பிடுங்கி நேராக இறக்கித் தருகிறேன்.

(ஆ) தாங்களே நேரில் வந்து, மேற்படி கட்டில் கடையை அதன் ஆறு சக்கரங்களின்மேல் பத்தடி தூரம் உருட்டிக் காட்டும்படி செயலாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். தெருவில் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள காலை பதினொரு மணி வசதியாக இருக்கும். தள்ளுவது அவராகவே இருக்கட்டும். பத்தடி உருண்டால் என் மகளின் அறையை அன்றே என் கையால் பிரித்துவிடுகிறேன். உருளாவிட்டால், எங்கள் கதவில் ஒட்டிய அதே காகிதம், அதே பசை, அதே கையெழுத்து அவருடைய ஷட்டரிலும் ஒட்டப்பட வேண்டும். ஒட்டுவதற்கு முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும். அந்தத் துன்பம் அவருக்குக்கூட வேண்டாம்.

இவ்விரண்டையும் செய்து நீதி வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி வீட்டுக் கூடம்
நாள்: இம்மாதம் 18, வியாழக்கிழமை

இப்படிக்கு,
அந்தப் போல்ட்டையும் இந்தச் சக்கரத்தையும் மாட்டியவன்
(கையொப்பம்)

பின்குறிப்பு: இதுவரை உள்ளதை என் மகள் படித்துப் பிழை திருத்திக் கொடுத்தாள். முதலில் (ஆ)வைத்தான் (அ) என்று எழுதியிருந்தேன். அவள்தான் மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டுப் பேனாவை மூடும்போது, “அப்பா, ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்னு சொன்னா எதைக் கேப்பீங்க?” என்றாள். “இதென்னம்மா கேள்வி? உன் கதவைத்தான்” என்று உடனே சொன்னேன். அவளும் நம்பி, பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கப் போய்விட்டாள். ஆகையால், ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால், எது வேண்டும் என்று தயவுசெய்து என்னிடம் கேட்க வேண்டாம், அவளிடம் கேளுங்கள். அவள் கேட்ட அந்த நொடியில் என் காதில் விழுந்தது, அவளுடைய கதவு திறக்கும் சத்தம் அல்ல ஐயா. அவருடைய ஷட்டர் இறங்கும் சத்தம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.