கண்ணாடிக்கு நடுவில் உன் காடு

மச்சான்,

இன்று மத்தியானம் உன் மகள் ஒரு பை நிறையப் புதுக் குதிரைவாலி அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். "நம்ம காட்டுல வெளஞ்சது மாமா" என்றாள். என் மனைவி, உன் தங்கச்சி, உடனே உலை வைத்துவிட்டாள். வேகும்போதே வாசம் வாசல்வரை வந்தது. மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் சாப்பிடச் சாப்பிட எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. என் நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட பிறகு அதில் ஒரு பிடி தானியம் விளையவில்லை. உன் காடு மட்டும், நீ போன பிறகும், விளைகிறது. இறந்துபோன ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் இந்தத் திருச்சுழிச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கம்பெனிக்காரர்கள் கூட்டிய அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? திருச்சுழிக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. உலகம் சூடாகிறது, நிலக்கரியை எரிக்காமல் வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்தால்தான் பூமி பிழைக்கும் என்று ஒரு தம்பி படம் போட்டுக் காட்டினார். நான் அதை முழுவதும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். பேப்பரில் வருவதையெல்லாம் படித்து, இரண்டு நாள் பேச்சுத் தயாரித்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தேன். என் முறை வருவதற்குள் நீ எழுந்தாய்.

"தம்பி, உலகம் இப்பத்தான சூடாகுது. எங்க ஊரு எப்பவோ சூடாயிருச்சு. அப்பல்லாம் ஒருத்தரும் படம் போட வரலையே?"

மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

"மழை எங்க தாத்தன் காலத்துலயும் தப்புச்சு. அப்ப எந்தப் புகை மேல போச்சு? சரி, நீங்க சொல்றது மெய்யின்னே வச்சுக்குவோம். சீக்கு ஊருக்கெல்லாம் வந்துருக்கு, மருந்து மட்டும் எங்க காட்டுல வைக்கிறீகளே, அது என்ன கணக்கு? டவுனுல ஏசி ஓடணும், அதுக்கு நாங்க வெதைக்காம இருக்கணுமா?"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தால் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். என் பேச்சுக்கு அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு நான் மைக்கைப் பிடித்தபோது பாதி நாற்காலி காலி. மீதிப் பேர் டீக்கு எழுந்துகொண்டிருந்தார்கள்.

நான் நிலத்தைக் கொடுத்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்களும் கொடுத்தார்கள். நீ கொடுக்கவில்லை. உன்னிடம் கெஞ்சிப் பார்த்த கம்பெனி கடைசியில் உன் காட்டை நடுவில் விட்டுவிட்டு நாலு பக்கமும் கண்ணாடித் தகடுகளை நிறுத்தியது. வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டிப் பாதை. அதன் வழியே நீ உழுவதற்கு டிராக்டரைக் கொண்டுபோவாய். கரிசலில் பச்சை எழும்பும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். என் பக்கம் தகடுகளுக்கடியில் புல் முளைத்தால்கூட ஆள் வைத்து வெட்டிவிடுவார்கள்.

பிறகு வந்த ஐப்பசியில் மழை ஏமாற்றியது. எம்.ரெட்டியபட்டிப் பக்கமெல்லாம் விதைத்த பருத்தி கருகிப்போனது. அந்தக் கண்ணாடிச் சூடு மேகத்தை விரட்டுகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பஸ்ஸில், டீக்கடையில், கோயில் வாசலில் அதே பேச்சு. சாலை மறியல் செய்யப் போகிறோம், நீ முன்னால் நிற்க வேண்டும் என்று ஊரே உன் வீட்டுக்கு வந்தது. நானும் ஓரமாக வந்து நின்றேன். எல்லாரையும் விட அந்தக் கம்பெனியை அதிகமாக எதிர்த்தவன் நீ. தலையை ஆட்டியிருந்தால் போதும், அன்றைக்கு ஊரே உன் பின்னால் வந்திருக்கும்.

"எனக்கு அந்தக் கம்பெனி ஆகாது. அது வேற" என்றாய். "ஆனா மழைய அது வெரட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. இதுக்கு முந்தி எத்தன வருசம் மழை தப்பியிருக்கு? அப்ப யாரு கண்ணாடி வச்சா? தெரியாதத என்னால சொல்ல முடியாதுப்பா."

"காசு வாங்கிட்டீகளோ?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டாய். அதன் பிறகு கொஞ்ச காலம் உன்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. கூட்டத்தில் நீ வாங்கிய கைதட்டலைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமில்லை மச்சான். உனக்குச் சாதகமான ஒரு பொய்யை நீ வேண்டாமென்று தள்ளினாயே, அன்றைக்குப் பட்ட பொறாமைதான் பொறாமை. எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் நான் தலையை ஆட்டியிருப்பேன்.

சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், உன் காட்டிலேயே விழுந்துகிடந்தாய். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியத்தன்று வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உலகம் சூடாவதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர்கள். என்னைத் தனியாக அழைத்து, "இவர் வெப்பத்துக்குப் பலியானவர்தானே? நீங்கள் கூட இருந்தவர், நாலு வார்த்தை சொல்லுங்கள், பதிவு செய்கிறோம்" என்றார்கள்.

வெயில்தான் உன்னைக் கொண்டுபோனது என்று என் மனசு சொன்னது. ஆயுள் முழுக்க உன்னோடு போட்ட வழக்கில் நான் ஜெயிக்க அந்த நாலு வார்த்தை போதும். அதுவும் நீ எதிர்த்துப் பேச முடியாத இடத்தில்.

"நெஞ்சடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவர்கள் போன பிறகு மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதேன்.

போன மாதம் ஊரில் இன்னொரு பயம் கிளம்பியது. தகடு கழுவிய தண்ணீர் ஊருணிக்கு வருகிறது, அதில் விஷம் இருக்கிறது, குடித்தால் ஆடுமாடு சாகும் என்று. குத்தகைக்கு விட்டவன் என்பதால் என்னைத்தான் முதலில் திட்டினார்கள். நான் கம்பெனிக்கும் பரிந்து பேசவில்லை, ஊருக்கும் தலையாட்டவில்லை. "எந்த மாடு செத்துச்சு, காட்டுங்க. தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு சோதனைக்குக் குடுப்போம். விஷம்னு வந்தா மொத ஆளா நானே கம்பெனி கேட்டப் பூட்டுறேன். வராட்டி எல்லாரும் வாயப் பூட்டணும்" என்றேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன். கூட்டத்திலிருந்த எண்ணெய்க்கடைக்காரர் மறுநாளே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். சோதித்துப் பார்த்ததில் விஷம் எதுவும் இல்லை.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்லி நாலு பேர் கேட்டார்கள் மச்சான். அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன். வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். அதற்குள் விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது.

"கேட்டவுக எல்லாரும் சொல்றாக, அப்படியே எங்க அண்ணன் பேசுன மாதிரியே இருந்துச்சாம்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அதையும் நீயே எடுத்துக்கொண்டாய்.