விட்டுவிட்டு வலிக்கிறதா?

கோட்டைமேடு, கோயமுத்தூர்
11 ஜனவரி 1937

பிரியமுள்ள ராமாமணிக்கு,

உன் ஹபீபுன்னிசா எழுதுகிறேன். போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும், இப்போது காரியம் அவசரம்.

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பிரான்ஸிலிருந்து பிரசவ டாக்டரம்மா ஒருவர் வந்திருக்கிறார். அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கான்வென்டில் நாம் படித்த பிரெஞ்சை நம்பி மொழிபெயர்த்துச் சொல்ல என்னைத் துபாஷியாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் சொல்வதை எப்படியோ சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானிகள் வந்தால்தான் தடுமாற்றம். சின்னச் சொல் ஒன்றை எடுத்து, அதன் பின்னால் அப், டவுன், அவுட் என்று ஒரு வாலைக் கட்டிவிடுகிறார்கள். அர்த்தம் எங்கேயோ போய்விடுகிறது.

நேற்று ஒருத்தி, காலையிலிருந்து 'த்ரோ அப்' செய்வதாகச் சொன்னாள். "காலையிலிருந்து மேலே எறிகிறாள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கூரையை நிமிர்ந்து பார்த்து, "எதை?" என்றார். அதற்குள் அவள் என் புடவையிலேயே வாந்தியெடுத்து அர்த்தம் சொல்லிவிட்டாள்.

தலைமை நர்ஸ் ராசம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க அம்மணி, அரைகொறப் பேச்சுல ஒரு உசுரு போயிருமுங்க. இந்த மாசம் பாக்கறேன். தேறலீன்னா வேற ஆளப் பாத்துக்குவோமுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

வேலை போனால் அண்ணன் சும்மா இருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் மவுத்தாகி, அவர் போய் வருஷம் திரும்புவதற்குள் தாராபுரத்து மண்டிக்காரருக்கு என்னை மூன்றாம் தாரமாகப் பேசி வைத்திருக்கிறார். நான் போகப்போவதில்லை. ஆகவே படிக்கப்போகிறேன். நம் வகுப்பில் பிரெஞ்சுக்கு நீதானே ராணி. சொல்லிக் கொடு.

உன்
ஹபீபு

புதுச்சேரி
18 ஜனவரி 1937

அன்பு ஹபீபு,

த்ரோ அப் என்றால் 'வொமீர்'. ஒரே சொல், வாலே கிடையாது. துரைசானி எதையோ மேலே எறிகிறாள் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு.

நீ செய்யும் தப்பு இதுதான். தலைக்கு ஒரு பிரெஞ்சுச் சொல், வாலுக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் என்று தேடுகிறாய். "சோறு உண்டுபோட்டேன்" என்கிறோமே, எதைக் கீழே போட்டோம்? "தூங்கிப்போனான்" என்றால் எங்கே போனான்? அது மாதிரிதான் அவர்களுக்கும். முதலில் என்ன நடந்தது என்று உனக்குள் தமிழில் சொல்லிப் பார். பிறகு பிரெஞ்சுக்குப் போ. 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது, வெளியே போவதில்லை. 'கிவ் அப்' என்பதற்கு இடத்துக்கு ஒரு சொல் உண்டு: பழக்கத்தை விடுவதற்கு ஒன்று, இருக்கையை விட்டுக்கொடுப்பதற்கு ஒன்று, பிழைக்கமாட்டான் என்று நோயாளியைக் கைவிடுவதற்கு இன்னொன்று. எல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே: தெரியவில்லை என்றால் யூகிக்காதே. திருப்பிக் கேள்.

நான் ஏன் எழுதவில்லை என்கிறாய். எழுத நல்ல சேதி இல்லை. இரண்டு தரம் தங்காமல் போயிற்று. இப்போது மறுபடி மூன்றாம் மாதம், அடிக்கடி உதிரம் படுகிறது. இங்கே இருப்பவர் ஆண் டாக்டர்; அத்தைக்குச் சம்மதமில்லை. கொடுமுடிக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். இவர் மில்லுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். நான் ஆசையை விட்டுவிட்டேன், ஹபீபு. நீயாவது நன்றாயிரு.

ராமாமணி

கோட்டைமேடு
2 பிப்ரவரி 1937

ராமாமணி,

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் உன்னோடு சண்டை.

சனிக்கிழமை மத்தியானம் வால்பாறையிலிருந்து ஒரு துரைசானியைக் காரில் கொண்டுவந்தார்கள். எட்டு மாதம். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மலைப்பாதை வளைவிலேயே பாஸ் அவுட் ஆனதாகச் சொன்னாள். மயங்கினாள் என்று உடனே சொல்லிவிட்டேன். உன் புண்ணியம்.

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இட் வோன்ட் லெட் அப்" என்றாள். நீ அனுப்பிய தாளில் அது இல்லை. எழுந்திருக்க விடமாட்டேன் என்கிறார்களாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. டாக்டரம்மா என் முகத்தையே பார்க்கிறார்.

"சீக்கிரமாச் சொல்லுங்க அம்மணி!" என்றார் ராசம்மாள்.

"எனக்கே புரியலீங்க. கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன்.

துரைசானியின் கையைப் பிடித்துக்கொண்டு, வலி நடுவில் நிற்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று இங்கிலீஷில் கேட்டேன். "இல்லை, ஒரு நிமிஷம்கூட இல்லை" என்று அழுதாள். "வலி நிற்கவே இல்லை" என்று பிரெஞ்சில் சொன்னதுதான் தாமதம், டாக்டரம்மா ஓடினார். பிரசவ வலியென்றால் விட்டுவிட்டு வருமாம். விடாமல் வலித்தால் உள்ளே உதிரம் கொட்டுகிறதென்று அர்த்தமாம். அறுத்துத்தான் எடுத்தார்கள். தாய் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை, கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் நன்றாகக் கத்துகிறது.

ராசம்மாள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "நாளைக்கு வெள்ளனா வந்துருங்க" என்றார். மாசக் கடைசி போய்விட்டது, வேறு ஆள் பேச்சே இல்லை. தாராபுரத்துக்காரருக்கு முடியாதென்று சேதி சொல்லிவிடும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கத்தினார். கத்தட்டும்.

இப்போது நம் சண்டை. விடுவதற்கு இத்தனை பிரெஞ்சுச் சொல் எழுதி அனுப்பினாயே, அதில் ஒன்றுகூட உனக்குப் பொருந்தாது. இங்கே இருப்பவர் பெண் டாக்டர். உன் அத்தை சொல்லும் குறை இங்கே இல்லை. உன்னைப் பற்றி அவரிடம் சொன்னேன். ரயிலில் ஆட்டம் அதிகமில்லாமல் படுத்தபடியே வரலாம், வந்தால் பிரசவம் வரை படுக்கையில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். பிழைக்கும் என்று சத்தியம் செய்யவில்லை. பார்க்கிறேன் என்றார். அது போதாதா? புறப்பட்டு வா.

ஹபீபு

புதுச்சேரி
9 பிப்ரவரி 1937

ஹபீபு,

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கி வந்தார். "அங்க போனா மட்டும் என்னாகும்?" என்று அத்தை கேட்டார். "தெரியாதுங்க அத்தை. தெரிஞ்சுக்கத்தான் போறேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அத்தை எழுந்துபோய், ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்ட அரிசி களைந்தார்.

வெள்ளிக்கிழமை போத்தனூரில் இறங்குகிறோம். மெத்தை போட்ட வண்டியாகப் பிடித்து வை.

ஒன்று கேட்கிறேன். என் பிரெஞ்சு உன்னுடையதைவிட நன்றாயிருக்கும்தான். ஆனாலும் போன இரண்டைப் பற்றி டாக்டரம்மா கேட்டால் எனக்கு எந்தப் பாஷையிலும் வாய் வராது. நான் உன்னிடம் தமிழில் சொல்லிவிடுகிறேன். நீ அவரிடம் சொல்லு.

உன்
ராமாமணி