ரத்தத்தில் மிதக்கும் துணுக்குகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கதிர் சிகிச்சை அறையில் கோபால்ட் இயந்திரம் மக்கர். நேரம் முடிந்தும் கதிர் உமிழும் துண்டு கவசத்துக்குள் திரும்பவில்லை. உள்ளே சுகுமாரன் சேட்டன், ஆட்டோ ஓட்டுகிற மலையாளி, தொண்டையில் புற்று. முகமூடி போட்டு மேசையோடு பூட்டியிருந்தோம், தானாக எழ முடியாது. டெக்னீஷியன் நான்தானே, ஓடினேன். மேசையை இழுத்து, பூட்டைக் கழற்றி, கையைப் பிடித்து வெளியே.

"மோளே, எந்தா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சேட்டா, வாங்க."

அவருக்குக் கூடுதலாகப் பட்டதை அடுத்த நாட்களில் கழித்துக்கொள்வார்களாம். எனக்கு? சட்டையில் குத்தியிருந்த கதிர் அளவுப் பேட்ஜை அளக்க அனுப்பியாயிற்று. முடிவு வர நாளாகும்.

ஜூன் 10, செவ்வாய்

ஆராய்ச்சிப் பிரிவு லதா டாக்டர் ரத்தம் எடுத்தார். கதிர் பட்டுச் செல்கள் செத்தால் அவற்றின் டிஎன்ஏ துணுக்கு துணுக்காக ரத்தத்தில் மிதக்குமாம். "இது சீக்கிரம் தெரியும், ஆனா உறுதியில்லை, கேட்டியா. குரோமோசோம் டெஸ்டுதான் உறுதி. அதுக்கும் எடுத்திருக்கேன், ஒரு வாரமாகும்."

அடுத்த மாதம் குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சை தொடங்க இருந்தோம். வீட்டுக்காரர் கணேஷிடம் சொன்னேன். "ஏட்டி செல்வி, நீ எதுக்கு உள்ள போன?" அப்புறம் அவரே, "போகாம எப்படி" என்றார். ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்

துணுக்குகள் அதிகம். லதா டாக்டர் போனில் சொன்னார்.

"காய்ச்சல் உண்டா?" இல்லை.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஓடினியா?"

ஓடினேன்! நேற்று தம்பானூரில் வெள்ளம், பஸ் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் பாதி தூரம், பிறகு ஓட்டம். லிஃப்டும் இல்லை. மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊசி.

"ஓடினாலும் துணுக்கு ஏறும் மோளே. நாளைக்கு ஆட்டோல வா. சும்மா இருந்துட்டு எடுப்போம்."

கணேஷ் ஆரியசாலையில் மொத்தக் கடைக் கணக்கர். அங்கே பேச முடியாது. மெசேஜ் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று எடுத்த ரத்தத்தில் துணுக்கு குறைந்திருக்கிறது. எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். ஆனாலும் குரோமோசோம் பாக்கி. வலியசாலை வீட்டில் துணி காயவில்லை, ஒரே வாடை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

குரோமோசோமில் கோளாறு எதுவும் இல்லை. பேட்ஜும் வந்துவிட்டது, வரம்புக்கு எவ்வளவோ கீழே. "தைரியமா வீட்டுக்குப் போ," லதா டாக்டர் தோளில் தட்டினார். கழிப்பறையில் போய் முகம் கழுவினேன்.

கணேஷுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் கடை இரைச்சல், மூட்டை இறக்குகிற சத்தம்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது. எல்லாரும் பாக்காங்க. அழுதிட்டிருக்கேன், போன வச்சிருட்டி."

நான் வைக்கவில்லை.